மின்மடலுக்குப் பிரிவும் டேக்கும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செட்டிநாட்டு வழிகாட்டி

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். பலகாரம், வீட்டு விசேஷம், பழைய வீடுகள் என்று ஒன்றரை வருஷமாகச் சப்ஸ்டாக்கில், அதாவது சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சலில் மடல் அனுப்பும் இணையச் சேவையில், எழுதி அனுப்புகிறவர். அறுபது மடலைத் தாண்டிவிட்டார். "தம்பி, கோலாலம்பூர்ல இருந்து ஒரு பொண்ணு கேக்குது. கும்மாயம் கிண்டுறதப் பத்தி எழுதினீங்களே, அது எங்க இருக்குனு. எனக்கே கிடைக்கல" என்றார்.

நேரில் போய் உட்கார்ந்து தேடினேன். கால் மணி நேரம் ஆனது. அந்த மடலுக்கு ஆச்சி வைத்திருந்த தலைப்பு 'மழை நாளில் ஒரு சாயங்காலம்'. கும்மாயம் என்ற சொல், உளுந்தும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற அந்த இனிப்பின் பெயர், நாலாவது பத்தியில்தான் வருகிறது. அதுவும் ஒரே ஒரு முறை.

"எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டு வச்சிருக்கீங்க ஆச்சி" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "குவியலா? இந்த வீட்டுல ஒரு கரண்டி எங்க இருக்குனு இருட்டுலகூட எடுப்பேன்."

எடுப்பார்தான். வீட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அறை இருக்கிறது, ஒவ்வொரு பாத்திரத்திலும் விலாசம், அதாவது குடும்பப் பெயரெழுத்து, வெட்டியிருக்கிறது. மடலுக்கு இந்த இரண்டுமே இல்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் பத்து மடல் எழுதியிருந்தாலும் சரி, இனிமேல்தான் தொடங்கப் போகிறீர்கள் என்றாலும் சரி, வேலை ஒன்றுதான்.

அறை வேறு, விலாசம் வேறு

ஒரு பித்தளை அண்டா ஒரு நேரத்தில் ஓர் அறையில்தான் இருக்க முடியும். ஆனால் அதன் மேல் குடும்ப விலாசம், பெண்ணின் பெயர், எந்த விசேஷத்துக்குக் கொடுத்தது என்று இடம் இருக்கிறவரை வெட்டிக்கொண்டே போகலாம். சப்ஸ்டாக்கில் பிரிவு என்பது அறை. ஒரு மடலை ஒரு பிரிவில்தான் வைக்கலாம். டேக் என்பது வெட்டிய பெயர். ஒரே மடலுக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று போடலாம்.

இந்த உவமை இதற்கு மேல் வராது. ஏனென்றால், பிரிவு என்பது அடுக்கி வைப்பதற்கு மட்டுமல்ல, அனுப்புவதற்கும்தான். வாசகர் தன் கணக்கில் போய் 'எனக்குச் சமையல் வேண்டும், பயணம் வேண்டாம்' என்று பிரிவு பிரிவாக நிறுத்திக்கொள்ளலாம். அதன்பிறகு நீங்கள் பயணப் பிரிவில் எழுதும் மடல் அவருடைய இன்பாக்ஸுக்குப் போகாது. டேக்குக்கு இந்தச் சக்தி கிடையாது. நீங்கள் எந்த டேக் போட்டாலும் மடல் யாருக்குப் போகிறது என்பது மாறாது. பின்னால் ஒருவர் வந்து தேடும்போது, ஒரே டேக் உள்ள மடல்களெல்லாம் ஒரு பக்கத்தில் திரண்டு நிற்கும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு பிரிவு தொடங்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 'இது எதைப் பற்றியது' அல்ல, 'இது யாருக்கு' என்பது. எதைப் பற்றியது என்பதை டேக் பார்த்துக்கொள்ளும். புதிதாக வருகிற பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன்.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்

ஒரு நோட்டை எடுங்கள். எழுதிய மடல்களின் தலைப்பை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். இன்னும் எழுதவில்லை என்றால் எழுத நினைக்கிற இருபது தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இந்த மடல் வந்தால் யார் சந்தோஷப்படுவார் என்று ஓர் ஆளை நினைத்து எழுதுங்கள். 'எல்லாரும்' என்று எழுதக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆள்.

ஆச்சியின் நோட்டில் மூன்று வகை ஆட்கள் வந்தார்கள். அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சமைக்கிறவர்கள் ஒன்று. மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்ட பிள்ளைகள், அதாவது நோன்பு என்றைக்கு, நகரத்தார் கோயிலில் என்ன விசேஷம், முறை என்ன என்று கேட்கிறவர்கள் இரண்டு. வீடு பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் மூன்று.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்க்கும் விதம் பற்றி ஆச்சி ஒரு மடல் எழுதியிருந்தார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைக்கிற கதை. கானாடுகாத்தானில் ஒரு நாளை எப்படிக் கழிக்கலாம் என்று இன்னொரு மடல். பொருளைப் பார்த்தால் ஒன்று கைத்தொழில், ஒன்று பயணம். ஆளைப் பார்த்தால் இரண்டையும் படிப்பவர் ஒரே ஆள்தான். எனவே இரண்டும் ஒரே பிரிவு. கைத்தொழில் என்பது டேக்காகப் போயிற்று.

எத்தனை பிரிவு?

இரண்டு. மிஞ்சினால் மூன்று. ஒவ்வொரு பிரிவிலும் மாதத்துக்கு ஒரு மடலாவது உங்களால் எழுத முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அது பிரிவு அல்ல, டேக்.

நான் என் மடலைத் தொடங்கியபோது முதல் நாளே ஏழு பிரிவு போட்டேன். மெனுவில் ஏழும் வரிசையாக நின்றபோது பார்க்க ஜோராக இருந்தது. எட்டு மாதம் கழித்து அதில் மூன்றில் ஒரே ஒரு மடல், ஒன்றில் எதுவுமே இல்லை. உள்ளே வந்து பார்க்கிறவருக்குப் பூட்டிய கதவுகள். நம் ஊரில் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிற வீடுகள் போதும்.

பெயர் வைப்பதிலும் ஒரு பாடம் கற்றேன். ஆசை ஆசையாக 'முகப்பு', 'பட்டாலை', 'இரண்டாங்கட்டு' என்று செட்டிநாட்டு வீட்டுப் பகுதிகளின் பெயரையே பிரிவுகளுக்கு வைத்திருந்தேன். கோயம்புத்தூர் வாசகர் ஒருவர், "இரண்டாங்கட்டு என்றால் இரண்டாவது கல்யாணமா சார்?" என்று கேட்டு எழுதினார். அது வீட்டின் உள்பகுதி, சமையல் குறிப்புகளை அங்கே வைத்திருக்கிறேன் என்று விளக்கினேன். விளக்க வேண்டி வந்துவிட்டதே, அப்போதே அந்தப் பெயர் தோற்றுவிட்டது. அழகான பெயரை மடலுக்கு வையுங்கள். பிரிவுக்குச் 'சமையல்', 'விசேஷம்', 'ஊர் பார்க்க' என்று சாதாரணமாக வையுங்கள்.

எந்தப் பிரிவிலும் சேராத மடல்கள் இருக்கும். இருக்கட்டும். பிரிவு எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் அவை பொது மடலாக எல்லாச் சந்தாதாரருக்கும் போகும். ஆச்சி மழை நாளைப் பற்றி எழுதுவது, யாரையோ நினைத்து எழுதுவது, இதெல்லாம் பொதுவில்தான் இருக்க வேண்டும். அதற்காகத்தான் பாதிப் பேர் அவருடைய மடலை வாங்குகிறார்கள்.

பிரிவைத் திறப்பது

மடலை நிர்வகிக்கும் பக்கமான டாஷ்போர்டில் செட்டிங்ஸ் போங்கள். அதில் செக்ஷன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும். பட்டன்களின் இடத்தை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால், இடத்தை மனப்பாடம் செய்யாமல் பெயரைத் தேடுங்கள். புதிய பிரிவு சேர்க்கச் சொல்லி அழுத்தினால் பெயரும் ஒரு வரி விளக்கமும் கேட்கும். விளக்கத்தில், என்ன வரும், எப்போது வரும் என்று இரண்டையும் சொல்லுங்கள். 'மாதம் இரண்டு பலகாரம், அளவோடு' என்று ஆச்சி எழுதினார். இதைவிட நன்றாக யாரும் எழுதிவிட முடியாது.

அடுத்து வருவதுதான் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். ஏற்கெனவே இருக்கும் சந்தாதாரர்களை இந்தப் புதிய பிரிவில் சேர்க்கலாமா என்ற கேள்வி. நான் ஒருமுறை அவசரத்தில் எல்லாரையும் சேர்த்துவிட்டேன். சமையலுக்காக வந்தவர்களுக்கெல்லாம் வாரம் இரண்டு பயண மடல் போய் விழுந்தது. அவர்கள் அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தவில்லை. அப்படி நிறுத்த முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. மொத்தமாக விலகிவிட்டார்கள். ஒரு கொத்தாகப் போனார்கள். தப்பு என்னுடையதுதான், டிக் போட்டது என் விரல்.

இப்போது நான் செய்வது இது. புதிய பிரிவு வாசகருக்குப் பழக்கமான விஷயம்தான் என்றால், அதாவது ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்ததைத்தான் பிரித்துத் தனியாக வைக்கிறேன் என்றால், எல்லாரையும் சேர்ப்பேன். முழுக்கப் புதிய விஷயம் என்றால் யாரையும் சேர்க்க மாட்டேன். ஒரு பொது மடலில் 'இப்படி ஒன்று தொடங்குகிறேன், வேண்டுமென்றால் இங்கே சேருங்கள்' என்று இணைப்புக் கொடுப்பேன். குறைவான பேர்தான் வருவார்கள். வந்தவர்கள் படிப்பார்கள்.

அப்புறம் எழுதும்போது, அந்த மடல் எந்தப் பிரிவுக்கு என்று எழுதும் பக்கத்திலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மடலைப் பின்னால் வேறு பிரிவுக்கு மாற்றலாம், போன மின்னஞ்சலைத் திரும்பப் பெற முடியாது.

டேக் பட்டியல்

பிரிவைவிட டேக்தான் சீக்கிரம் கெட்டுப்போகும். எப்போது வேண்டுமானாலும் புதிதாக ஒன்றைத் தட்டிவிடலாம் என்பதால் கை சும்மா இருக்காது. செட்டிநாடு 96 ஊர் என்பது பழைய கணக்கு. ஆச்சி ஊருக்கு ஒரு டேக் போடலாமா என்று கேட்டார். போட்டால் 96 டேக், அதில் எண்பதுக்கு மேல் காலி. மூன்று மடலாவது எழுதியிருந்தால் அல்லது எழுதுவது நிச்சயம் என்றால் மட்டும் டேக். அந்தக் கணக்கில் ஊர்ப் பெயரில் நான்குதான் தேறின: காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை.

'செட்டிநாடு' என்று ஒரு டேக் வேண்டாமா? வேண்டாம். எழுதுவது எல்லாமே செட்டிநாடு பற்றித்தான். எல்லா மடலிலும் இருக்கிற டேக் எதையும் பிரித்துக் காட்டாது. அதே மாதிரி 'சமையல்' என்று பிரிவு இருக்கும்போது 'சமையல்' என்று டேக்கும் போடாதீர்கள். அதற்குள்ளே போய் 'கருப்பட்டிப் பலகாரம்', 'பணியாரம்', 'மண்டி' (அரிசி களைந்த நீரில் செய்வது), 'கவுனி அரிசி' என்று வையுங்கள். தேடி வருகிறவர் கேட்பது அதைத்தான்.

இனி எழுத்துக்கூட்டு. தமிழில் மடல் எழுதுகிறவர்களுக்கே உரிய தலைவலி இது, கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

கோயில் என்று ஒரு நாள் போடுவீர்கள், கோவில் என்று இன்னொரு நாள். இரண்டும் சரியான தமிழ்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு டேக். ஆத்தங்குடிக் கல், ஆத்தங்குடி கல், ஆத்தங்குடி டைல்ஸ் என்று மூன்று. கவுனி அரிசி, கவுனரிசி என்று இரண்டு. ஒரு 'க்' போடுவதிலேயே மடல்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும்.

இது கண்ணுக்குத் தெரிகிற வகை. தெரியாத வகை ஒன்று உண்டு. 'கொட்டான்' என்பதில் வரும் 'கொ'வை, கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில், இரண்டு விதமாகப் பதியலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். 'ஸ்ரீ' என்ற எழுத்துக்கும் இப்படி இரண்டு வழி உண்டு. போனில் ஒரு கீபோர்டு, கம்ப்யூட்டரில் ஒரு கீபோர்டு என்று மாற்றி மாற்றித் தட்டுகிறவர்களுக்கு, அச்சு அசலாக ஒரே டேக் பட்டியலில் இரண்டு முறை வந்து நிற்கும். ஏன் என்று புரியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கு மருந்து எளிது. டேக்குகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். அல்லது முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் கீழே வரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். முழுச் சொல்லையும் ஒவ்வொரு முறையும் தட்டாதீர்கள். எந்த எழுத்துக்கூட்டு என்பதில் இலக்கணம் பார்க்காமல் வாசகர் எப்படித் தேடுவார் என்று பாருங்கள். 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்றுதான் உலகம் தேடுகிறது. வருத்தமாக இருந்தாலும் அதையே வைத்தோம்.

கூடவே முகவரியையும் பாருங்கள். டேக் பக்கத்தின் முகவரியில் தமிழ் எழுத்து வந்தால், வாட்ஸப்பில் ஒட்டும்போது அது சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடலாம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே ஒன்பது இடத்தை எடுத்துக்கொள்ளும். புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணினால் 'ஆத்தங்குடி' என்பது பத்துக் குறி, அந்த ஒரு சொல்லே 90 இடம். பார்க்கிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்துபோவார். முகவரியைத் திருத்த உங்கள் சேவை இடம் கொடுத்தால், அதில் மட்டும் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகப் போட்டுவிடுங்கள்.

ஒரு மடலைப் பிடித்துப் பார்ப்போம்

ஆச்சியின் பிள்ளையார் நோன்பு மடல். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 இழை நூல் எடுத்து, மாவில் திரியாக வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற நோன்பு. மடலில் பாதி அந்த முறை, கால் பங்கு இழைமாவு செய்கிற பக்குவம், மீதி சிங்கப்பூரில் தங்கை வீட்டில் கொண்டாடிய கதை.

"சமையல்ல போடுங்க தம்பி, மாவு பிசையுறது இருக்குல்ல."

"இது வரலைன்னா யாரு ஆச்சி ஏமாந்து போவாங்க?"

யோசித்தார். "வெளிநாட்டுல இருக்குற பிள்ளைகதான். என்னைக்கு, எப்படினு கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

அப்படியென்றால் பிரிவு 'விசேஷம்'. அடுத்து டேக். 'நோன்பு' கண்டிப்பாக வேண்டும். 'மார்கழி' வேண்டும், ஏனென்றால் அந்த மாதத்தில் ஆச்சி எழுதிய வேறு மடல்களும் இருக்கின்றன, வருஷா வருஷம் அந்தப் பருவத்தில் ஆட்கள் தேடி வருவார்கள். 'மாவுப் பலகாரம்' என்பதையும் போட்டோம். சமையல் வாசகர்கள் அந்த டேக் வழியாக இங்கே வந்து சேர்வார்கள். மடல் விசேஷ அறையில் இருந்தாலும் அடுப்படிக்காரருக்கும் கிடைக்கும். இதற்காகத்தான் டேக்.

'சிங்கப்பூர்' வேண்டாம். தங்கை வீட்டுக் கதை இரண்டு பத்தி. சிங்கப்பூர் என்று தேடி வருகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. சொல் வந்திருக்கிறது என்பதற்காக டேக் போடாதீர்கள், அந்த டேக்கைத் தேடி வருகிறவர் திருப்தியோடு போவாரா என்று பாருங்கள். மூன்று டேக்கோடு நிறுத்திக்கொண்டோம்.

போட்டது கண்ணில் பட வேண்டும்

டேக் போட்டதோடு வேலை முடியாது. மெனுவில் பிரிவுகளை வைக்கலாம், முக்கியமான ஒன்றிரண்டு டேக்கையும் வைக்கலாம். ஆனால் மின்னஞ்சலிலேயே படிக்கிறவர் அந்த மெனுவைப் பார்க்கவே மாட்டார். எனவே ஒவ்வொரு மடலின் அடியிலும் ஒரு வரி எழுதி, அந்த டேக் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள்: 'நோன்பு பற்றிய மற்ற மடல்கள் இங்கே'. புதிதாகச் சேர்கிறவருக்குப் போகும் வரவேற்பு மடலிலும் என்னென்ன பிரிவு இருக்கிறது, வேண்டாததை எப்படி நிறுத்துவது என்று எழுதுங்கள். நிறுத்தும் வழியைச் சொன்னால் ஆட்கள் போய்விடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். சொல்லாததால் நான் இழந்தவர்களைப் பற்றித்தான் மேலே எழுதினேன்.

பழைய மடல்களுக்கு ஒரே நாளில் உட்கார வேண்டாம். அதிகம் படிக்கப்பட்ட பத்திலிருந்து ஆரம்பியுங்கள், நாளுக்குப் பத்து போதும். வெளியான மடலில் டேக் சேர்ப்பதாலோ பிரிவை மாற்றுவதாலோ மறுபடி யாருக்கும் மின்னஞ்சல் போகாது. தைரியமாகச் செய்யலாம். முடிந்தால் தலைப்பையும் பாருங்கள். 'மழை நாளில் ஒரு சாயங்காலம்' என்பதோடு 'கும்மாயம்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க ஆச்சியைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு டம்ளர் காபி ஆனது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேக் பட்டியலைத் திறந்து, ஒரே ஒரு மடலோடு நிற்கிறவற்றை நீக்குங்கள், இரட்டையாக இருப்பதை ஒன்றாக்குங்கள்.

வேறு சேவை வைத்திருந்தால்

கோஸ்ட் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நீங்கள் முதலில் போடும் டேக்தான் முதன்மை டேக், வரிசைக்கு மதிப்பு உண்டு. ஹாஷ் குறியோடு தொடங்கும் டேக் வாசகருக்குத் தெரியாது, உங்கள் சொந்தக் கணக்குக்கு மட்டும். படம் இன்னும் சேர்க்காத மடல்களை நான் அப்படித்தான் குறித்து வைக்கிறேன். அங்கே இன்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்றால் தனித்தனி நியூஸ்லெட்டராகவே திறக்கலாம்.

மெயில்சிம்ப், கிட் போன்றவற்றில் டேக் என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கே டேக் ஒட்டுவது மடலின் மேல் அல்ல, சந்தாதாரரின் மேல். 'இவர் சமையல் வகுப்புக்கு வந்தவர்' என்று ஆளுக்கு அடையாளம் வைப்பது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இதில் குழம்பாமல் இருந்தால் சரி.

கும்மாயம் மடலுக்குக் 'கருப்பட்டிப் பலகாரம்' என்று டேக் போட்டதும், அந்தப் பக்கத்தில் நான்கு மடல் வரிசையாக வந்து நின்றன. ஆச்சி அந்த இணைப்பைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "கிடைச்சிருச்சு ஆச்சி. ஆனா உளுந்து எவ்வளவு, கருப்பட்டி எவ்வளவுனு எழுதவே இல்லையே?" எடுத்துப் பார்த்தோம். எழுதவில்லைதான். மழையைப் பற்றித்தான் இருந்தது. ஆச்சி அன்றைக்கே அளவோடு புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தார். பிரிவு சமையல், டேக் அதேதான்.